நூற்றெண்பதாம் பக்கத்துக்கு அப்புறம்

ஆரோக்கியசாமி புத்தகத்தை மேசைமேல் போட்ட சத்தத்தில் நூலகர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்களைப் பார்த்தார். பாகூர் நூலகத்தில் அந்த நேரத்தில் பெரிய சத்தம் என்றால் மின்விசிறி முனகுவதுதான்.

“இன்னா டெஸ்டரம்மா, இதைப் போயி பாஸ் பண்ணியிருக்கீங்க?” என்றார் ஆரோக்கியசாமி.

நான் பேப்பரில் தங்கம் விலை பார்த்துக்கொண்டிருந்தேன். வாங்குவதற்கு அல்ல, சும்மா வயிறெரிவதற்கு. நிமிர்ந்து பார்த்தால், அவர் போட்டது லாரி மெக்கானிக் ஒருவரைப் பற்றிய நாவல். ‘நல்லா இருக்குது, தாராளமா படிங்க’ என்று போன வாரம் நான்தான் சொல்லியிருந்தேன்.

“ஏன், அதுக்கென்ன?”

“நூத்தி எம்பதாம் பக்கத்துல ஆளு காலி. நெஞ்சு ஆபரேஷன்னு உள்ள போறான், போனவன் போனவன்தான். அதுக்கு மேல என்னால படிக்க முடியல. மூடிட்டேன்.”

பேப்பரைக் கீழே வைத்தேன். நூலகத்துக்கு அந்த நாவலில் இரண்டு பிரதிகள் வந்திருந்தன. ஒன்று இதோ மேசைமேல் கிடக்கிறது. இன்னொன்று அரியூரில், ஆஸ்பத்திரிக் கட்டிலில், என் சம்பந்தியம்மாள் கஸ்தூரியின் கையில் இருக்கிறது. அவருக்கு மறுநாள் காலை இதயத்தில் ஆபரேஷன். புத்தகத்தைக் கொடுத்தனுப்பியவள் நான்.

பாலிலிருந்து நாவலுக்கு

இந்தத் தொடருக்குள் இன்றைக்குத்தான் நுழைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் பால் சொசைட்டியில் முப்பது வருஷம் டெஸ்டராக இருந்தவள். கேனைத் திறப்பேன், ஒரு கரண்டி எடுப்பேன், சோதிப்பேன், பாஸ் அல்லது ரிட்டர்ன் என்பேன். என் வாயிலிருந்து வரும் அந்த ஒரு சொல்லுக்காக எருமை வைத்திருந்தவர்கள் எல்லாரும் காலையில் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அந்த மிதப்பு இன்னும் எனக்குக் கொஞ்சம் மிச்சமிருக்கிறது என்று என் மருமகள் மலர் சொல்வாள். இருந்துவிட்டுப் போகட்டும்.

ரிட்டையர் ஆனபிறகு நூலகத்துக்குப் போக ஆரம்பித்தேன். அங்கே ஆறு பேர் சேர்ந்தோம். எல்லாருக்கும் அறுபதுக்கு மேல். ஆரோக்கியசாமி பஸ் ஓட்டி ஓய்ந்தவர். மனைவியை இழந்து ஒரு வருஷம்கூட ஆகாதபோது, மனசை மாற்றலாம் என்று அவர் எடுத்த நாவலில் பாதியிலேயே ஒரு வயசான அம்மாள் செத்துப்போனார். மனிதர் அந்தப் புத்தகத்தைக் கரும்புத் தோட்டத்துக்குள் விட்டெறிந்துவிட்டு, நூலகத்துக்கு அபராதம் கட்டினார்.

மறுநாள் என்னிடம் வந்தார். “பாலை டெஸ்ட் பண்ணி அனுப்புன மாதிரி, இதையும் நீங்க மொதல்ல பார்த்துச் சொல்லுங்களேன். சாவு இருந்தா எங்க கிட்ட குடுக்காதீங்க.”

அப்படித்தான் ஆரம்பித்தது. நாவலை முதலில் நான் படிப்பேன். வயசானவர் யாரும் சாகவில்லை என்றால் பின்னட்டையின் உட்புறத்தில் பென்சிலால் சின்னதாக ‘பாஸ்’ என்று எழுதுவேன். மற்ற ஐந்து பேரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் முதல் பக்கத்தைத் திறப்பார்கள்.

நீங்களே யோசித்துப் பாருங்கள். நம் கதைகளில் கிழவரோ கிழவியோ வந்தால் எப்படி வருகிறார்கள்? இருமிக்கொண்டே வருகிறார்கள். அடுத்த அத்தியாயத்தில் கட்டில். அதற்கடுத்த அத்தியாயத்தில் வெளியூர்ப் பிள்ளைக்குப் போன் போகிறது. அறுபத்தாறு வயதில் நான் கடைக்குப் போகிறேன், சண்டை போடுகிறேன், புதுப்புடவைக்கு ஆசைப்படுகிறேன். என்னைப் போல ஒருத்தி கதையில் வரக்கூடாதா என்ன?

இந்த வருஷம் பிடித்தவை

வருஷக் கடைசி ஆயிற்றே, பிடித்த நாவல்களைப் பற்றி எழுதுங்கள் என்று ஆசிரியர் கேட்டிருந்தார். எழுதுகிறேன். ஆனால் பெயர் சொல்ல மாட்டேன். முன்பு ஒருமுறை இங்கே ஒரு நாவலின் பெயரைச் சொல்லப்போய், எழுதியவர் எனக்குப் போன் செய்து, நான் பாராட்டாமல் விட்ட இடங்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். குழம்பு அடிப்பிடித்ததுதான் மிச்சம்.

முதல் நாவலில் எழுபத்திரண்டு வயசு அம்மாள் ஒருவர் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறார். லைசென்ஸ் தேர்வில் ஐந்து முறை தோற்கிறார். ஆறாவது முறை தேர்ச்சி பெற்று, தன்னை ஒருகாலத்தில் வீட்டைவிட்டு அனுப்பிய அண்ணன் வீட்டு வாசலில் போய் ஹார்ன் அடிக்கிறார். உள்ளே போகவில்லை. அடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறார். அந்த ஹார்ன் சத்தத்தை நான் மூன்று தரம் படித்தேன்.

இரண்டாவதில் முதியோர் இல்லத்திலிருந்து மூன்று பேர் கடலைப் பார்க்க ஓடுகிறார்கள். பஸ் மாறி ஏறி, மழையில் நனைந்து, கடைசியில் கடலைப் பார்த்துக் காலையும் நனைத்துவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சரியாகத் திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் போனதே யாருக்கும் தெரியவில்லை. எங்கள் கூட்டத்தில் மணப்பட்டுக்காரர் ஒருவர் உண்டு, கடலில் வாழ்ந்த மனிதர். படித்து முடித்துவிட்டு, “கடலைப் பார்க்கத்தான இவ்ளோ பாடு? எங்கூருக்கு வந்திருந்தா மீன் கொழம்பாவது கெடச்சிருக்கும்” என்றார். அவர் வைத்த ஒரே குறை அதுதான்.

மூன்றாவது, அந்த லாரி மெக்கானிக் நாவல். இந்த வருஷம் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். ஆனால் ஆரோக்கியசாமி அதை மேசைமேல் போட்ட காலையில் நான் அதை முழுசாகப் படித்திருக்கவில்லை.

நான் செய்த காரியம்

கஸ்தூரி மடுகரைக்காரர். கரும்பும் நெல்லும் வைத்திருக்கும் குடும்பம். அவர் மகள் மலர்தான் என் மருமகள். சம்பந்தி உறவு எப்படிப்பட்டது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. காபி ஒரு சூடு குறைவாக இருந்தாலும் பத்து வருஷம் பேச விஷயம் கிடைக்கும். நாங்களும் முதல் மூன்று வருஷம் ‘வாங்க’, ‘சாப்டீங்களா’, ‘வரோம்’ என்பதைத் தாண்டியதில்லை. பேத்தி பிறந்த சமயத்தில் என் வீட்டில் தங்கியிருந்தவர், நான் வைத்திருந்த நாவலை எடுத்துப் படித்துவிட்டு, “இந்தப் பொம்பள ஏன் இவ்ளோ பொறுத்துப் போறா?” என்று கோபப்பட்டார். அன்றைக்குத்தான் எனக்கு அவரைப் பிடித்தது.

அவருக்கு இதயத்தில் ஒரு வால்வு மாற்ற வேண்டும். இரண்டு முறை தேதி கொடுத்தார்கள். இரண்டு முறையும் அட்மிட் ஆன மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். மூன்றாவது தேதி கொடுத்தபோது, இனிமேல் தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார். மலர் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

அட்மிட் ஆகும் முன்பு கஸ்தூரி எனக்குப் போன் செய்தார். “பெரிய புக்கா ஒண்ணு குடுத்தனுப்புங்க சம்மந்தி. நீங்க பாஸ் போட்டதா இருக்கட்டும்.”

அந்த வாரம் என் வீட்டில் பேத்திக்குக் காது குத்து. கையில் இருந்தது மெக்கானிக் நாவல். முதல் நூற்றைம்பது பக்கம் படித்தேன். ராஜாமணி என்ற கிழ மெக்கானிக்கும் அவர் மனைவி பொன்னம்மாளும் ஓயாமல் வாய்ச்சண்டை போடுகிறார்கள், சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. நூற்றைம்பதாம் பக்கத்தில் ராஜாமணிக்கு நெஞ்சு வலிக்க ஆரம்பித்தது. நான் அங்கே புத்தகத்தை மூடி, நேராகக் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். பொன்னம்மாள் ஒரு லாரி டிரைவருக்குச் சோறு போட்டுக்கொண்டு, வீட்டுக்காரர் பார்த்தால் திட்டுவார், போய் முதலில் கையைக் கழுவு என்று அதட்டுகிறாள். சரி, மனிதர் பிழைத்துவிட்டார் என்று முடிவு செய்தேன். பென்சிலை எடுத்துப் ‘பாஸ்’ போட்டேன்.

பாலில் மேலே ஒரு கரண்டி, அடியில் ஒரு கரண்டி எடுத்தால் கேன் முழுக்கத் தெரிந்துவிடும். முப்பது வருஷப் பழக்கம் புத்தி வரைக்கும் ஏறிவிட்டது. நாவலிலும் மேலே ஒரு கரண்டி, அடியில் ஒரு கரண்டி எடுத்திருக்கிறேன்.

இரண்டு பஸ்

நூலக வாசலுக்கு வந்து மலருக்குப் போன் போட்டேன். அவள் ஆஸ்பத்திரியில் அம்மாவோடு இருந்தாள்.

“அம்மா இன்னா பண்றாங்க?”

“படிச்சினு இருக்காங்க அத்தே. காலையிலேர்ந்து தலையத் தூக்கல.”

“எத்தினியாவது பக்கம்?”

“இன்னா அத்தே கேள்வி இது?”

படிக்காதே என்று சொல்லச் சொல்லலாம். சொன்னால் யார்தான் படிக்காமல் இருப்பார்கள்? மூன்று கிழவர்கள் கடலுக்கு ஓடும் நாவலைப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். எப்படியாவது புத்தகத்தை மாற்றிவிட வேண்டும். பாகூரிலிருந்து வில்லியனூர், அங்கிருந்து அரியூர்.

கரிக்கலாம்பாக்கத்தில் பஸ் நின்றது நின்றபடி நின்றது. டிரைவர் டீ குடிக்கிறார். நான் ஜன்னலில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பயந்தேன். கஸ்தூரி மூன்றாவது முறையும் எழுந்து வந்துவிட்டால்? காரணம் கேட்டால், சம்பந்தியம்மா கொடுத்த புத்தகத்தில் இதே ஆபரேஷனில் ஆள் செத்துவிட்டான் என்பார். அதற்கப்புறம் மலர் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? கஸ்தூரிக்கு ஒன்று ஆகிவிட்டால்?

பஸ்ஸில் உட்கார்ந்தபோது இன்னொன்றையும் எனக்கு நானே ஒப்புக்கொண்டேன். காது குத்து எல்லாம் சாக்கு. நூற்றைம்பதாம் பக்கத்தில் நான் மூடியது பயத்தில்.

என் வீட்டுக்காரர் போய் எட்டு வருஷம் இருக்கும். அன்று காலை நான் சொசைட்டியில் இருந்தேன். பக்கத்து வீட்டு லட்சுமி வந்து, “மாமாவுக்குக் கொஞ்சம் முடியலக்கா, வூட்டுக்கு வாங்க” என்றாள். கொஞ்சம் என்றுதானே சொன்னாள். வரிசையில் பதினோரு கேன் இருந்தது. ஜனங்கள் நிற்கிறார்களே என்று பதினொன்றையும் சோதித்து முடித்துவிட்டுத்தான் போனேன். தெருவில் திரும்பியதும் எங்கள் வாசலில் அத்தனை செருப்புகள் கிடந்தன. யாரும் எனக்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதற்கப்புறம் எந்த நாவலிலும் அந்த இடம் வந்தால் என்னால் தாண்ட முடியாது. நூலகத்தில் மற்ற ஐந்து பேரையும் நான் காப்பாற்றுவதாக எல்லாரும் நினைத்தார்கள், நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன். உண்மையில் காப்பாற்றிக்கொண்டது என்னைத்தான். இதை இதுவரை நான் ஆரோக்கியசாமியிடம்கூடச் சொன்னதில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்வார்.

வார்டில்

வார்டுக்கு வெளியே பெஞ்சில் கஸ்தூரியின் கணவர் தனபால் உட்கார்ந்திருந்தார். மூக்குக் கண்ணாடி நுனி மூக்கில், விரல் வரியின்மேல். அவர் உர மூட்டையில் எழுதியிருப்பதைத் தவிர எதையும் படித்து நான் பார்த்ததில்லை. மடியில் இருந்தது மெக்கானிக் நாவல்.

எனக்கு ஒரு நொடி உயிர் வந்தது. புத்தகம் கஸ்தூரியிடம் இல்லை.

“வாங்க சம்மந்தி” என்று எழுந்தார். “அவ முடிச்சிட்டா. முடிச்சிட்டு, நான் உள்ள போறதுக்குள்ள நீயும் படிச்சி முடிக்கணும்னு உத்தரவு. நான் இன்னா இஸ்கூல் புள்ளயா?”

வந்த உயிர் அப்படியே போயிற்று. உள்ளே போனேன். கஸ்தூரி கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். அவர் பை கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது. முதலில் நான் பார்த்தது அதைத்தான்.

“இன்னா சம்மந்தி, ஓடியாந்தீங்களா? மூச்சு வாங்குது.”

“அந்த புக்கு…” என்றேன்.

“நீங்க அதை முழுசா படிக்கல. அதானே?”

தலையை ஆட்டினேன். டெஸ்டராக இருந்த முப்பது வருஷத்தில் என்னைப் பார்த்து ஒருவரும் கேட்காத கேள்வி.

“படிச்சிருந்தா எனக்குக் குடுத்திருக்கவே மாட்டீங்க. நல்ல வேளை படிக்கல” என்றார். ஒரு சுளையை என் கையில் வைத்தார். “உக்காருங்க. நான் ஏன் ரெண்டு வாட்டி எழுந்து ஓடிட்டேன்னு நெனக்கறீங்க?”

“பயம்தான்.”

“கத்திக்கு இல்ல சம்மந்தி. அந்த மனுசனுக்காகத்தான். உப்பு எந்த டப்பாவுல இருக்குதுன்னு தெரியாது அவருக்கு. ஜொரம்னா மாத்திரையத் தேடாது, என்னத் தேடும். நான் போய்ட்டா ஒரு மாசம்கூட தாங்காதுன்னு நெனச்சிதான் வூட்டுக்கு ஓடிட்டேன்.” குரலைத் தணித்தார். “இதுல அந்தாளு செத்துட்டான். எனக்கும் பக்குனுதான் இருந்துச்சி. அப்பறம் பார்த்தா, அதுக்கப்புறம் நூத்தி இருவது பக்கம் இருக்குது. இன்னாடா இருக்கப் போவுதுன்னு படிச்சேன். அந்தப் பொன்னம்மா சாப்புடல, தூங்கல, சுருண்டு கெடந்தா. அப்பறம் எழுந்துட்டா. அழுதுகினேதான் எழுந்தா, ஆனா எழுந்துட்டா. அப்ப இவரும் எழுந்துப்பாரு.”

நான் சுளையை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

“நாளைக்கு நான் உள்ள போறேன்” என்றார் கஸ்தூரி. “நீங்க அவரு பக்கத்துல இருங்க. அது போதும்.”

என் பைக்குள் இருந்த கடல் நாவலை நான் வெளியே எடுக்கவே இல்லை.

காத்திருக்கும் இடம்

மறுநாள் காலை அவரை உள்ளே கொண்டுபோனார்கள். நாலைந்து மணி நேரம் ஆகும் என்றார்கள். மலர் போனும் கையுமாகப் படிக்கட்டில் நின்று உறவுக்காரர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் தனபாலும் தியேட்டர் வாசலில் உட்கார்ந்தோம். அவர் புத்தகத்தைப் பிரித்தார். நடுவிலிருந்து படித்தால் போதும் என்று கஸ்தூரி சொல்லியும் கேட்காமல், முதல் பக்கத்திலிருந்து, ராத்திரி முழுக்கத் தூங்காமல் படித்து வந்திருக்கிறார்.

கொஞ்ச நேரத்தில் அவர் விரல் ஒரு வரியில் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தேன். நூற்றெண்பது.

அவர் தியேட்டர் கதவைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார்.

“எழுத்து மறைக்குது சம்மந்தி. இதுக்கு மேல நீங்க படிச்சிக் காட்டுங்க.”

வாங்கினேன். நான் தாண்டிப் போன இடத்திலிருந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன்.

பொன்னம்மாள் வீட்டுக்கு வருகிறாள். கொடியில் ராஜாமணியின் கிரீஸ் படிந்த சட்டை காய்கிறது. அதை அவள் எடுக்கவில்லை. மழை வருகிறது, நனைகிறது, மறுபடி காய்கிறது, அப்போதும் எடுக்கவில்லை. நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி படித்தேன். தனபால் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்துப் பெஞ்சில் தம்பிக்காகக் காத்திருந்த ஒரு பெண் நகர்ந்து வந்து, “கொஞ்சம் சத்தமா படிங்கக்கா” என்றாள்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போய்விடுகிறார்கள். ஒருநாள், ராஜாமணி இறந்தது தெரியாத ஒரு லாரிக்காரன் வாசலில் வந்து ஜாக்கி கேட்கிறான். பொன்னம்மாள் கொட்டகையைத் திறந்து, ஜாக்கியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்து கொடுக்கிறாள். அவன் கிளம்பிப் போனபிறகு, பல நாள் கழித்து முதல்முறையாக அவளுக்குப் பசிக்கிறது.

அந்த வரியைப் படித்துவிட்டு நான் அழுதேன். ஒளிக்கவில்லை. அந்தப் பதினோரு கேன் நாளுக்கப்புறம் எனக்கும் ஒருநாள் அப்படித்தான் பசித்தது. பசித்ததற்காக நான் எத்தனை வெட்கப்பட்டேன் என்று இவ்வளவு காலம் யாரிடமும் சொன்னதில்லை. மனசில் கிடந்த ஏதோ ஒன்று இளகி, மூச்சு லேசாக வந்தது.

நாற்பது பக்கம் போயிருப்போம். கதவு திறந்தது.

“கஸ்தூரி கூட வந்தவங்க யாரு?”

தனபால் எழவில்லை. நான் புத்தகத்துக்குள் விரலை வைத்தபடியே எழுந்து போனேன்.

முகக்கவசத்தை இறக்கிவிட்டு அந்த டாக்டர் பெண் சொன்னாள். “நல்லபடியா முடிஞ்சுதும்மா. வால்வு நல்லா வேலை செய்யுது. கண்ணு முழிச்சதும் ஒருத்தரை உள்ள விடுறோம்.”

மலர் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். தனபால் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. பக்கத்துப் பெஞ்சுப் பெண், முன்பின் தெரியாதவள், என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

துண்டை எடுத்தபோது அவர் முகம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. விரல் வைத்த இடத்தை நான் பிரித்தேன்.

“மீதியப் படிக்கட்டுமா?”

“வேணாம் சம்மந்தி, மூடிடுங்க” என்றார். “மீதிய அவ எழுந்து வந்து சொல்லட்டும்.”